தொடாத பைல்களை என்ன செய்வது?

ஒரு காரியாலயத்தில் பத்து வருஷமாக எவரும் தொடாத பைல் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு எவரும் வரவில்லை. அதை எடுத்துப் பார்க்க எந்த அதிகாரிக்கும் அவசியம் நேரவில்லை. அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு தூசி படிந்து கிடக்கிறது. அதை அங்கேயே வைத்திருப்பதா, வேறிடத்துக்கு அனுப்புவதா, அல்லது எரித்துவிடுவதா?

இது குமாஸ்தாக்களின் கவலை என்று ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று. மகாராஷ்டிரத்தில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் பல சமயங்களில் இத்தகைய ஒரு பைலைப் பொறுத்தே இருக்கிறது. ஆகவே, பைல்களை யார் எந்த அளவுகோலைக்கொண்டு ஒதுக்குகிறார்கள், எதை அழிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் சாதாரண ஜனங்களுக்கும் உண்டு.

புனேயின் ஔந்த் வட்டாரத்தில் இந்தக் கேள்வியின் இரு பக்கங்களையும் ஒரே இடத்தில் காணலாம். ஒரு பக்கம் மாநகராட்சியின் வார்டு அலுவலகம், மாவட்ட ஆஸ்பத்திரி போன்ற பழைய பாணி ஸ்தாபனங்கள். அங்கே காகிதக் கட்டுகளின் ராஜ்யம். மறு பக்கம் பாணேருக்கும் ஹிஞ்ஜவடிக்கும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் நிறைந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள். அவர்களில் தமிழர்களும் கணிசமாக உண்டு. அவர்களுடைய கம்பெனிகளிலும் இதே பிரச்னைதான்: யாரும் திறக்காத பைல்கள் கம்ப்யூட்டரின் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. ஔந்த் ரோடு வழியே சிறிது தூரம் போனால் போபோடியும் கட்கியும் வந்துவிடும். ராணுவம், ரெயில்வே, வெடிமருந்துத் தொழிற்சாலை ஆகியவற்றில் வேலைக்கு வந்து அங்கே வேரூன்றிய பழைய தமிழ்க் குடும்பங்களுக்கோ, பிரச்னை தலைகீழானது. தங்கள் பாட்டனார் பெயர் எழுதப்பட்ட ஒரு தாள் எங்கேயாவது இன்னும் பிழைத்திருக்கிறதா என்பதே அவர்களுடைய கவலை.

ஒழித்துக் கட்டுவது அவசியமே

பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்தி அகற்ற வேண்டும் என்று சொல்பவர்களின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் எதுவும் அகப்படாது. தேவையான ஒரு பைலைத் தேட நூறு தேவையற்ற பைல்களைப் புரட்ட வேண்டியிருக்கும். பைல் கிடைக்கவில்லை என்ற ஒரே பதிலோடு மனுதாரர் பல முறை அலைக்கழிக்கப்படுவார். தீ ஆபத்தும் உண்டு. 2012 ஜூன் 21-ந் தேதி மும்பை மந்திராலயத்தில் மூண்ட தீ உயிர்களைப் பலிகொண்டதோடு, பல இலாகாக்களின் பைல்களையும் சாம்பலாக்கியது. குவிந்து கிடக்கும் காகிதம் எரிபொருளே என்பதை அந்த நாள் உணர்த்தியது.

இந்த விஷயத்தில் மகாராஷ்டிரம் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டி என்றே சொல்லலாம். 1980-களில் அஹமத்நகர் (இன்றைய அஹில்யாநகர்) மாவட்டக் கலெக்டராக இருந்த அனில்குமார் லகினா, கலெக்டர் அலுவலகத்தின் ரிக்கார்டுகளைத் தரம்பிரித்து, வேண்டாதவற்றை அகற்றி, அலுவலக அமைப்பையே மாற்றியமைத்தார். அந்த முறை "லகினா பாணி" என்றே பெயர் பெற்றது. 2017-ல் புனே வருவாய் மண்டல ஆணையராக இருந்த சந்திரகாந்த் தளவி, தேங்கிய வேலை ஒன்றுகூட இருக்கலாகாது என்ற நோக்கத்தோடு ஓர் இயக்கத்தை நடத்தினார். பிறகு மாநிலம் முழுவதிலும் அதைப் பின்பற்றும்படி அரசு கூறியது. அதன் ஆணிவேர் ஆறு கட்டு முறை. ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் மேஜையிலும் அலமாரியிலும் உள்ள காகிதங்களை ஆறு கட்டுகளாகப் பிரித்துவிட வேண்டும். நடப்பில் உள்ளவை ஒரு கட்டு. பிறரிடமிருந்து பதில் வரக் காத்திருப்பவை ஒரு கட்டு. மாதம், வருஷம் என்று காலந்தோறும் அனுப்ப வேண்டிய அறிக்கைகள் ஒன்று. நிரந்தர உத்தரவுகள் ஒன்று. முடிவடைந்து ரிக்கார்டு ரூமுக்குப் போக வேண்டியவை ஒன்று. அழிக்கப்பட வேண்டியவை ஒன்று.

முடிவடைந்த பைல்களுக்கு ஆயுளும் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. "அ" பிரிவு என்றும் வைக்கப்பட வேண்டியது. "ப" பிரிவு 30 வருஷம். "க" பிரிவு 10 வருஷம். "க-1" 5 வருஷம். "ட" பிரிவு ஒரே வருஷம். தமிழ்நாட்டு அலுவலகங்களோடு பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று கடிதங்களின் தலைப்பில் காணும் எழுத்துகள், அந்தந்தப் பைல் ஒரு வருஷத்துக்கா, மூன்று வருஷத்துக்கா, பத்து வருஷத்துக்கா, நிரந்தரமாகவா என்பதைத்தான் சொல்கின்றன. பைலை முடிக்கிறபோதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவது பழைய சென்னை ராஜதானியின் நல்ல வழக்கம்.

இந்த ஏற்பாடுகளில் ஒரு முக்கியமான அம்சத்தைக் கவனிக்க வேண்டும. ஒரு பைலின் ஆயுளை நிர்ணயிப்பது அதில் அடங்கிய விஷயம். எத்தனை பேர் அதைக் கேட்டு வந்தார்கள் என்ற கணக்கு அங்கே வரவில்லை. சமீப காலத்தில் பரவிவரும் கருத்து இதிலிருந்து மாறுபட்டது. பைல்களின் உபயோகத்தைக் கணக்கெடுப்பது, நீண்ட காலம் உபயோகப்படாதவற்றை ஒதுக்கிவிடுவது என்பது அந்தக் கருத்து. கம்ப்யூட்டர் துறையிலிருந்து வந்த இந்த யோசனை மேலோட்டமாகப் பார்த்தால் விஞ்ஞானபூர்வமாகவே தோன்றுகிறது. ஆனால் அதை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

உபயோகக் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

காகித ரிக்கார்டு ரூமில் உபயோகத்தைக் கணக்கெடுக்கும் முறை எளியது. பைலைக் கேட்பவர் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். பைல் போன இடத்தில் அந்தச் சீட்டு நிற்கிறது. வழங்கல் பதிவேட்டில் தேதி ஏறுகிறது. சில வருஷங்கள் கழித்து அந்தப் பதிவேட்டைப் புரட்டினால், எந்த அலமாரி அடிக்கடி திறக்கப்படுகிறது, எது திறக்கப்படவே இல்லை என்பது தெரிந்துவிடும். அடிக்கடி கேட்கப்படுவதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும், கேட்கப்படாததை மாடிக்கோ வேறு கட்டடத்துக்கோ மாற்றுவதும் புத்திசாலித்தனமான காரியங்கள். பெரிய கம்ப்யூட்டர்களிலும் 1970-களிலிருந்தே இப்படித்தான் நடந்துவருகிறது. உபயோகத்தில் உள்ளவை விலை உயர்ந்த வட்டுகளில் இருக்கும். உறங்குபவை மலிவான நாடாக்களுக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டரில் இந்தக் கணக்கு தானாகவே துல்லியமாக அமைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை அவ்வளவு பத்திரமானது அன்று. ஒவ்வொரு பைலோடும் அது கடைசியாகத் திறக்கப்பட்ட தேதி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தேதியை மாற்றி எழுதுவதால் கம்ப்யூட்டரின் வேகம் குறைகிறது என்று, 2007-ல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் அந்த ஏற்பாடே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. லினக்ஸில் 2009 முதல், சாதாரணமாக நாளுக்கு ஒரு முறைக்கு மேல் அதை எழுதாத முறை வழக்கமாயிற்று. விரும்பினால் அறவே எழுதாமலும் வைத்துவிடலாம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வைரஸ் சோதனை செய்யும் புரோகிராமோ, பிரதி எடுக்கும் புரோகிராமோ எல்லாப் பைல்களையும் இரவோடு இரவாகத் திறந்து மூடினால், மனிதர் எவரும் பார்க்காத பைலுக்கும் நேற்றைய தேதி விழுந்துவிடலாம். ஆக, உபயோகித்த பைல் உறங்கியதாகவும், உறங்கிய பைல் உபயோகித்ததாகவும் காட்டப்படக்கூடும். இந்தத் தேதியை மட்டும் நம்பிப் பைல்களை அழிக்கும் கம்பெனி, கடிகாரம் ஓடுகிறதா என்று பாராமலே மணி சொல்பவரைப் போன்றது.

தேதி சரியாகவே இருந்தாலும் வேறொரு சங்கடம் இருக்கிறது. எல்லாப் பைல்களுக்கும் ஒரே பருவம் கிடையாது. சில பைல்கள் தினமும் வேண்டியிருக்கும். சில மார்ச் மாதத்தில் தணிக்கை வரும்போது வேண்டியிருக்கும். சில பத்து வருஷத்துக்கு ஒரு முறை. இன்னும் சில, ஒரு மனிதனின் ஆயுளில் ஒரே ஒரு முறை. பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. பிறப்புப் பதிவேடும், தொழிலாளியின் பணிப் பதிவேடும் அப்படியே. எழுபது வருஷம் எவரும் தொடாத ஒரு பக்கத்தை எழுபத்தோராவது வருஷத்தில் ஒரு பேரன் தேடி வருவான். அந்த ஒரு முறைக்காகத்தான் அது எழுதிவைக்கப்பட்டது.

புனே கற்பிக்கும் பாடம்

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புனே நகரிலேயே, பேஷ்வா தப்தர் என்று புகழ்பெற்ற ஆவணத் தொகுதி, இன்று மாநில ஆவணக் காப்பகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பேஷ்வாக்களின் நிர்வாகக் காகிதங்கள் மோடி எழுத்தில் எழுதப்பட்டு, ருமால் எனப்படும் துணிகளில் மூட்டையாகக் கட்டப்பட்டவை. 1818-ல் பேஷ்வா ஆட்சி முடிந்ததும் அந்தக் காகிதங்களை உண்டாக்கிய ராஜாங்கமே இல்லாமற் போயிற்று. உபயோகத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் அன்றைக்கே அவற்றை அடுப்பில் போட்டிருக்கலாம்.

ஆனால் வெள்ளைக்கார அரசு அவற்றை வைத்துக்கொண்டது. அதுவும் சரித்திரத்தின்மீது கொண்ட பக்தியினால் அன்று. இனாம் நிலங்கள்மீது உரிமை கொண்டாடியவர்களின் வாதம் மெய்யா பொய்யா என்று சோதிக்க அந்தக் காகிதங்கள் வேண்டியிருந்தன. 1852-ஆம் வருஷத்துச் சட்டப்படி இயங்கிய இனாம் கமிஷன் விசாரணைகளில் பழைய கணக்குகளே சாட்சி சொல்லின. அதற்குப் பின்னரும் அந்த ருமால்கள் நெடுங்காலம் உறங்கின. பிறகு பம்பாய் அரசின் ஏற்பாட்டில் கோவிந்த் சகாராம் சர்தேசாய் அவற்றைப் பிரித்துப் பார்த்து, தேர்ந்தெடுத்தவற்றை 1930-க்கும் 1934-க்கும் இடையே 45 தொகுதிகளாக வெளியிட்டார். மராட்டியர் வரலாறு அதன் பிறகு புதிதாக எழுதப்பட்டது. எரிக்கப்படாமல் இருந்ததால் அந்தக் காகிதங்கள் முதலில் நிலத் தகராறுகளையும், அடுத்து சரித்திரத்தையும் தீர்த்துவைத்தன.

இது பழங்கதை என்று தோன்றினால், 2023-ல் நடந்ததைப் பார்க்கலாம். மராட்டா சமூகத்தினருக்கு இடஒதுக்கீடு கோரும் போராட்டம் வலுத்தபோது, ஒரு குடும்பத்தின் முன்னோர் குன்பி என்று பதிவாகியிருக்கிறார்களா என்பது பெரும் கேள்வியாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்தீப் ஷிண்டேயின் தலைமையில் கமிட்டி அமைக்கப்பட்டது. தாலுகா அலுவலகங்கள், பள்ளிகள், பத்திரப் பதிவு அலுவலகங்கள் முதலியவற்றின் பழைய பதிவேடுகள் வெளியே எடுக்கப்பட்டன. பிறப்பு இறப்பை எழுதிவைத்த கிராமப் பதிவேடுகளும், மோடி, உருது எழுத்துகளில் இருந்த நிஜாம் கால ஆவணங்களும் புரட்டப்பட்டன. மோடி எழுத்து படிக்கத் தெரிந்தவர்களுக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. 2024 ஜனவரிக்குள் 54 லட்சம் குன்பிப் பதிவுகள் கண்டெடுக்கப்பட்டதாக அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அந்தக் கோரிக்கையின் நியாய அநியாயம் வேறு விஷயம். அரை நூற்றாண்டாக யாரும் தொடாத பதிவேடுகள் ஓரிரு மாதங்களில் மாநில அரசியலின் நடுவே வந்து நின்றன என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. எந்த உபயோகக் கணக்கும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

தமிழர்களுக்கு என்ன சம்பந்தம்?

மகாராஷ்டிரத் தமிழர்களுக்கு இந்தச் செய்தி வெறும் வேடிக்கை அன்று. சாதிச் சான்றிதழ் விஷயத்தில் இந்த மாநிலம் குறிப்பிட்ட சில தேதிகளை எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. தாழ்த்தப்பட்டோருக்கு 1950 ஆகஸ்டு 10. பழங்குடியினருக்கு 1950 செப்டம்பர் 6. விமுக்த ஜாதிகளுக்கும் நாடோடிப் பழங்குடிகளுக்கும் 1961 நவம்பர் 21. இதர பிற்பட்ட வகுப்பினருக்கு 1967 அக்டோபர் 13. தம் குடும்பம் அந்தத் தேதியில் மகாராஷ்டிரத்தில் வசித்துவந்தது என்று காட்ட முடிந்தவருக்கு ஒரு வழி. காட்ட முடியாதவருக்கு வேறு வழி. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த தாழ்த்தப்பட்டவர், வந்த மாநிலத்தில் அந்தச் சலுகைகளை உரிமையாகக் கோர முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1990-லும், மகாராஷ்டிரத்தைப் பற்றியே எழுந்த வழக்கில் 1994-லும் தீர்ப்பளித்துவிட்டது.

இதன் விளைவு என்ன? கட்கியிலோ தேகு ரோட்டிலோ பிறந்து, மராத்தியில் படித்து, புனேயைத் தவிர வேறு ஊர் அறியாத ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் தொழிற்கல்விக்கு மனுப் போடுகிறாள். அவளுடைய சாதி மகாராஷ்டிரப் பட்டியலில் இருந்தாலும், 1950-க்கு முன்பே அவளுடைய முன்னோர் இங்கே வசித்ததற்கு அத்தாட்சி கேட்கப்படுகிறது. தலைமுறைகளாக இங்கே இருப்பது அண்டை அயலார் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சான்றிதழ் பரிசீலனைக் கமிட்டிக்கு முன்னால் அண்டை அயலாரின் வாய்ச்சொல் போதாது. அன்றைய காகிதம் வேண்டும். கொள்ளுப்பாட்டன் சேர்ந்த பள்ளியின் பதிவேடு, பாட்டி பிறந்ததைக் குறித்த கன்டோன்மென்ட் பதிவேடு, தொழிற்சாலையின் பணிப் பதிவேடு, வீட்டு வரிப் புத்தகம் என்று ஏதேனும் ஒன்றில் அந்தப் பெயர் இருந்தாக வேண்டும்.

நிலபுலன் உள்ள மராத்திக் குடும்பத்துக்கு, நிலப் பதிவேடு என்ற ஒரு தூண் இருக்கிறது. கூலிக்கும் சம்பளத்துக்கும் வந்த தமிழ்க் குடும்பத்துக்கு அது கிடையாது. அவர்களுடைய முழுச் சரித்திரமும் முதலாளியின் பதிவேட்டிலும் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டிலும்தான் இருக்கிறது. நிர்வாகத்தின் கண்ணுக்கு அவை வேலை முடிந்துபோன காகிதங்கள். ஓய்வுபெற்றவர் காலமாகி, குடும்பப் பென்ஷனும் நின்ற பிறகு அந்தப் பைலைக் கேட்க நிர்வாகத்தில் எவருக்கும் காரணம் இல்லை. உபயோகக் கணக்கில் அது பூஜ்யம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதுவே எல்லாம்.

ஸ்தாபனங்கள் கைமாறும் காலம் இன்னும் அபாயகரமானது. 1869-ல் நிறுவப்பட்ட கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, 2021 அக்டோபர் 1 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற புதிய அரசு நிறுவனத்தின் கீழ் வந்திருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஸ்தாபனம் ஒன்று புதிய நிர்வாகத்தின் கைக்கு வருகிறபோது, அதன் பழைய ஆள் பதிவேடுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்ற பட்டியலும் கூடவே வர வேண்டும். கன்டோன்மென்ட், பள்ளி, ஆஸ்பத்திரி என எது வேறு நிர்வாகத்தின் கைக்குப் போனாலும் இதே கவனம் தேவை. வீடு மாறும்போதுதான் பழைய பெட்டி தொலைகிறது.

இங்கிலாந்தில் நடந்தது

இதே தவறு உலகின் பெரிய சர்க்கார்களில் ஒன்றுக்கும் நேர்ந்திருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்களின் வருகைச் சீட்டுகளை இங்கிலாந்து உள்நாட்டு இலாகா தன்னிடம் வைத்திருந்தது. 2010-ல் அவை அழிக்கப்பட்டன. பின்னர், குடியேறியவர்கள் தங்கள் உரிமையைக் காகிதத்தால் நிரூபிக்க வேண்டிய நிலை வந்தபோது, அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே உழைத்து வரி கட்டியவர்கள் திகைத்து நின்றார்கள். பலர் வேலை இழந்தார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018-ல் அந்த விவகாரம் வெடித்து, உள்நாட்டு மந்திரி ராஜிநாமா செய்ய நேர்ந்தது. தொடர்ந்து அங்கே வசித்ததற்கு அந்தச் சீட்டுகள் அத்தாட்சி ஆகமாட்டா என்று இலாகா சமாதானம் சொன்னது. ஆனால் ஒருவர் எந்த வருஷம் வந்தார் என்று தெரிந்துகொள்ள இலாகா ஊழியர்களே அவற்றைப் பார்த்துவந்தார்கள் என்ற செய்தி வெளிவந்தது. ஒரு பக்கம் சாட்சியைக் கேட்பதும், மறு பக்கம் சாட்சியை அழிப்பதும் ஒரே சர்க்காரின் கைகளாக இருந்தன.

செய்ய வேண்டியவை

உபயோகக் கணக்கு வேண்டாம் என்பது இதற்குப் பொருள் அன்று. பைலை இடம் மாற்றுவதற்கு அது நல்ல வழிகாட்டி. பைலை அழிப்பதற்கு அதை ஆதாரமாகக் கொள்ளலாகாது. இந்த ஒரு வித்தியாசத்தை ஒவ்வொரு காரியாலயமும் கம்பெனியும் தன் விதிகளில் எழுதிவைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவதாக, ரிக்கார்டு ரூமுக்கு அனுப்பும் எந்தக் கட்டும் பட்டியல் இல்லாமல் போகக் கூடாது. பட்டியல் இல்லாத ரிக்கார்டு ரூமுக்கும் குப்பைக் கிடங்குக்கும் வித்தியாசம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, தன் நான்காவது பிரிவில், ரிக்கார்டுகளைப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்துவதை ஒவ்வொரு பொது அதிகார அமைப்பின் கடமையாகவே விதித்திருக்கிறது.

இரண்டாவதாக, அழிக்கப்பட்டவற்றின் பட்டியல் என்றும் அழிக்கப்படலாகாது. எதை, எந்தத் தேதியில், யாருடைய உத்தரவின்பேரில் அழித்தார்கள் என்பது எழுத்தில் நிற்க வேண்டும். 1993-ஆம் வருஷத்து மத்தியப் பொது ஆவணச் சட்டம், விதிமுறைப்படி அல்லாமல் எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது என்று சொல்வதோடு, மீறுபவர்களுக்கு ஐந்து வருஷம்வரை சிறைத் தண்டனையும் விதிக்கிறது. 1892-க்கு முந்திய ஆவணங்களை, அவை சிதைந்து பயனற்றுப் போனாலன்றி, அழிக்கவே கூடாது என்கிறது. மகாராஷ்டிரத்துக்கும் 2005-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தனியே இருக்கிறது. 2014-ல் மத்திய உள்துறையில் பழைய பைல்கள் அழிக்கப்பட்டபோது பார்லிமெண்டில் சந்தேகங்கள் எழுந்தன. முக்கியமான சரித்திர ஆவணம் எதுவும் அழிக்கப்படவில்லை என்று மந்திரி ராஜ்நாத் சிங் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அழிப்பதன் பட்டியல் முன்கூட்டியே வெளியாகியிருந்தால் அத்தகைய சந்தேகங்களுக்கு இடமே இராது.

மூன்றாவதாக, மனிதரின் பெயர், ஊர், தேதி ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்படும் எந்தப் பதிவேடும் ஒரு வருஷ, ஐந்து வருஷப் பிரிவுகளில் சேரலாகாது. பள்ளிச் சேர்க்கை, பிறப்பு இறப்பு, பணி, குடியிருப்பு முதலிய பதிவேடுகளை நிரந்தரப் பிரிவில் வைக்க வேண்டும். பழைய நினைவூட்டுக் கடிதங்கள், விடுமுறை மனுக்கள், ஒரே சுற்றறிக்கையின் பத்துப் பிரதிகள் ஆகியவற்றை அகற்றினாலே அலமாரியில் தாராளமாக இடம் கிடைக்கும்.

நான்காவதாக, ஸ்கேன் செய்துவிட்டோம் என்ற தைரியத்தில் மூலத்தை எரித்துவிடும் மோகத்துக்குத் தடை வேண்டும். மங்கலாக எடுத்த பிரதி, பெயரிடாத பிரதி, பத்து வருஷம் கழித்து எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்காத பிரதி ஆகியவற்றால் யாருக்கு என்ன பயன்? மின்னணு ஆவணங்களை நீண்ட காலம் பாதுகாப்பது ஒரு தனி சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. 1988-ல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம் அதில் வேலை செய்துவருகிறது. ஔந்துக்குப் பக்கத்திலேயே, கணேஷ்கிண்டில், பல்கலைக்கழக வளாகத்தில்தான் அது வளர்ந்தது. வீட்டு வாசலில் வைத்தியர் இருக்கும்போது நோயை வளர்த்துக்கொள்வது விவேகம் ஆகாது.

இவ்வளவும் செய்யப் பணம் எங்கே என்று கேட்கப்படலாம். உறங்கும் பைல்களை நகரின் நடுவே விலை உயர்ந்த கட்டடத்தில் வைக்க வேண்டியதில்லை. உலர்ந்த, பூட்டிய, தீ அணுகாத மலிவான இடம் போதும். பைல் இல்லாமற் போவதன் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தச் செலவு சர்க்காரின் பட்ஜெட்டில் தெரிவதில்லை. ரெயில் ஏறி ஊர் ஊராக அலையும் தகப்பனின் பையிலிருந்து அது போகிறது.

குடும்பங்களின் பொறுப்பு

எல்லாப் பொறுப்பையும் காரியாலயங்களின் தலையில் கட்டிவிடவும் முடியாது. அட்மிஷன் நோட்டீஸ் வந்த பிறகு பாட்டனாரின் பள்ளியைத் தேடி ஓடுவது தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அது கடைசி நேரத்து ஓட்டம். பிள்ளை எட்டாவது படிக்கும்போதே அத்தாட்சி பெற்ற நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம். முதியவர்கள் நினைவோடு இருக்கும்போதே எந்தப் பள்ளி, எந்தத் தொழிற்சாலை, எந்த டோக்கன் எண் என்று குறித்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தைத் தேவநாகரியிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறாக எழுதியதால் ஒரே பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கக்கூடும். அதைச் சரிசெய்ய அவகாசம் வேண்டும்.

புனேயிலும் மும்பையிலும் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகின்றன. அவற்றோடு வருஷத்துக்கு ஒரு நாள், பழைய காகிதங்களைச் சரிபார்க்கும் முகாம் ஒன்றையும் நடத்தலாம். கம்ப்யூட்டர் தெரிந்த ஔந்த் இளைஞர்களுக்கும் காகிதம் தேடும் கட்கிக் குடும்பங்களுக்கும் அங்கே ஒரு பாலம் அமையும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பேட்டையிலும் இருந்தாலே பெரும் உதவி.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது கிராமத்துப் பாட்டிகளுக்கும் தெரிந்த பழமொழி. பைல்களைக் கணக்கெடுக்க வரும் அதிகாரி, ஒரு கட்டை அழிவுப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், அதை இதுவரை யார் கேட்டார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது. இனிமேல் யார் கேட்டு வரக்கூடும் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு நிச்சயமான பதில் கிடைக்காவிட்டால், கட்டைப் பட்டியலிட்டு, பூட்டி வைத்துவிடுவதே முறை.